ஒயில் இறங்கும் நேரம்

"கையை எடும் தம்பி! அதிலை ஒரு விரல் பட்டாலும் நான் ஊரைக் கூட்டுவன்—"

"கூட்டுங்கோ அக்கா, நல்லாக் கூட்டுங்கோ! என்ரை மோட்டார் சைக்கிளை நான் எடுக்கிறதுக்கு ஆரிட்டைப் போய்—"

"அவர் கழட்டினது. அவர்தான் பூட்டித் தருவார்—"

"எப்ப தருவார்? மூண்டு நாளாய் ஆளையே காணேல்லை—"

"காணேல்லை எண்டு சொல்லாதையும்!"

அந்தச் சத்தத்துக்குக் கராஜின் தகரக் கூரையில் இருந்த காகங்கள் எழும்பின. எழும்பியவை திரும்பி வரவில்லை. கார்த்திகை மாதத்துப் பின்னேரம். நாலு மணிக்கு முன்னமே நீர்வேலி வானம் அடுப்புக்கரி பூசியது போல் கிடந்தது. கராஜுக்குப் பின்னால் வாழைத்தோட்டம். அதற்குள்ளே, கண்ணுக்கு எட்டாத ஓரிடத்தில், தண்ணீர் இறைக்கும் மிசின் ஒன்று காலையிலிருந்து நிற்காமல் இரைந்துகொண்டிருந்தது.

அது எதற்காக இரைகிறது என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அதனால்தானோ என்னவோ, எல்லாரும் அளவுக்கு மிஞ்சிச் சத்தமாகக் கதைத்தார்கள்.

"தங்கச்சி," என்று அடைக்கலநாதன் குரலைத் தாழ்த்தினார். "இடையிலை போய் விலக்குப் பிடிக்கட்டோ? பிடிச்சால் முதல் அடி எனக்குத்தான் விழும். இருபத்தஞ்சு வருசம் மினிபஸ்ஸிலை கொண்டக்டராய் நிண்ட அனுபவத்திலை சொல்லுறன்."

தக்சாயினி சண்டை பிடிக்கும் இருவரையும் விட்டுவிட்டு, அவர்களுக்கு நடுவில் நின்ற மோட்டார் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனியில் விபத்து வாகனங்களைப் பார்த்து மதிப்புப் போட்டவள். நசிந்த மட்காட்டைத் தடவிப் பார்த்து, பொய் சொல்கிறவர் சாரதியா, சொந்தக்காரரா என்று சொல்லிவிடுவாள் என்று பேர். இப்போது நல்லூரில் பிள்ளைகள் படிக்கும் ஒரு ரியூற்றரிக்கு மேல்மாடியில் சின்ன அறை, கதவில் 'தனியார் விசாரணைகள்' என்று ஒரு பலகை. அந்த அறையின் வாகனப் பகுதி, செய்திப் பகுதி, வாய்ப் பகுதி மூன்றும் அடைக்கலநாதன்தான். சொந்த ஓட்டோவும் உண்டு.

நேற்று அந்தப் படியேறி வந்தவள் சிவகௌரி. அவளுடைய கணவன் றஜிந்தன், நீர்வேலியில் பேர்போன மெக்கானிக். திங்கட்கிழமை பின்னேரம் வேலை நடுவில் ஒரு போன் வந்தது; எழும்பிப் போனவன் வரவில்லை. நேற்றுப் பின்னேரம் தோட்டக் கிணற்றில் அவனுடைய செருப்பு ஒன்று மிதந்தது. இன்று பொலிஸ் கிணற்றை இறைக்கிறது. மழைக்காலத்துக் கிணறு, இறைக்க இறைக்க ஊறியது. இரண்டரை மணியிலிருந்து ஊர்ச் சனத்தோடு கிணற்றடியில் நின்றுவிட்டு, சிவகௌரியோடு தக்சாயினியும் அடைக்கலநாதனும் இப்போதுதான் திரும்பியிருந்தார்கள். சிவகௌரி பின்கதவின் பூட்டைத் திறந்து, முன்கதவின் கொளுக்கியை உள்ளால் கழற்றினாள். கழற்றியதும், வெளியே காத்துக்கொண்டு நின்ற கஜீபன் பாய்ந்து உள்ளே வந்தான். சண்டை தொடங்கியது அப்படித்தான்.

கஜீபன் ரொறன்ரோவிலிருந்து வந்து மூன்று கிழமை. பருத்தித்துறை முனையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை இந்தத் தடித்த ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிளில் ஓடி, போகும் வழியெல்லாம் படம் எடுப்பது அவன் திட்டம்.

"தம்பி, நம்பர் தேய்ச்ச எஞ்சினைப் பூட்டிக்கொண்டு ஆரும் சுற்றுலா போறதோ?" என்றாள் சிவகௌரி. "அவர் திங்கட்கிழமை என்னட்டைச் சொன்னவர். இந்த எஞ்சினிலை நம்பரை அரத்தாலை தேய்ச்சிருக்கு, களவு எஞ்சின், பொலிசுக்குச் சொல்லாமல் இதை வெளியிலை விடமாட்டன் எண்டு."

"எனக்கு அதொண்டும் தெரியாது அக்கா. பழைய எஞ்சின் வெடிச்சுது, வேறை ஒண்டு எடுத்துத் தந்தினம். ஓடுற மாதிரித் தந்தால் நான் போயிடுவன்."

"ஏன் பிள்ளையள் சண்டை பிடிக்கிறியள்? முதல் தேத்தண்ணியைக் குடியுங்கோ."

பின்கதவால் தேத்தண்ணிப் போத்தலும் கோப்பைகளுமாக வந்தவன் செந்தூரன். நாற்பது வயது, மெதுவான குரல். ஆறு வருடமாகக் கராஜின் பின்சுவரோடு சாய்த்து இறக்கிய பத்தியில் இருந்து பெயின்ற் அடிப்பவன். றஜிந்தன் எஞ்சினைப் பார்ப்பான், செந்தூரன் வெளியழகைப் பார்ப்பான். மூன்று நாளாகச் சிவகௌரிக்குக் கடைக்குப் போய்வந்து, பொலிசோடு கதைத்து, கிணற்றடிச் சனத்துக்குத் தேத்தண்ணி ஊற்றி, ஓடித் திரிபவனும் அவன்தான். ஒரு கோப்பையைச் சிவகௌரியின் கையில் வைத்து, அவளுடைய விரல்களை மடித்துப் பிடிக்க வைத்தான்.

"காலமை தொடக்கம் ஒண்டும் குடிக்கேல்லை நீர். குடியும் தங்கச்சி."

அடைக்கலநாதன் தன் கோப்பையில் ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார். "தம்பி, இது தேத்தண்ணியோ, தேத்தண்ணியின்ரை ஆண்டுத் திவசமோ? ஆறி ஒரு மணித்தியாலம் இருக்கும்."

"குளிர் காத்து அண்ணை."

"காத்து உங்கடை போத்திலுக்குள்ளையும் போகுதோ?" அவர் மூக்கை உறிஞ்சினார். "அது கிடக்கட்டும். மூண்டு நாளாய்ப் பூட்டிக் கிடந்த இடம், உள்ளுக்கை பெயின்ற் கரைக்கிற தின்னர் மணம் தூக்குது. என்ரை ஓட்டோவுக்குப் பச்சை அடிச்ச கிழமை வீடு முழுக்க இப்பிடித்தான். மனுசி என்னை வெளியிலை படுக்க விட்டவள்."

"பத்தியிலை என்ரை தின்னர்க் கான் திறந்து கிடக்கும் அண்ணை."

தக்சாயினி ஒருமுறை அடைக்கலநாதனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எஞ்சினுக்குப் பக்கத்தில் கிடந்த சின்ன முக்காலியில் இருந்தாள்.

"சிவகௌரி, றஜிந்தன் இதிலை எவ்வளவு வேலை முடிச்சவர்? உமக்கு ஏதும் தெரியுமோ?"

"எனக்குத் தெரியாமலோ அக்கா?" அந்தக் கேள்வி அவளுக்குக் கொஞ்சம் தெம்பு கொடுத்தது போலிருந்தது. கோப்பையைக் குடிக்காமலே பிடித்துக்கொண்டு குனிந்தாள். "இந்தா, இந்த ரெண்டு கம்பியும்தான். புஷ்றொட். ஒண்டு காத்து உள்ளை வாற வால்வைத் திறக்கும், மற்றது புகை போற வால்வை. கம்பிக்குக் கீழை லிப்டர் எண்டு ஒண்டு இருக்கு. சின்னக் குப்பி மாதிரி, உள்ளுக்கை எஞ்சின் ஒயில்."

"கம்பியின்ரை நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம் போலை?"

"ஓம். இவர் கம்பியை நீட்டி நீட்டி, ஆட்டம் நிக்கிற இடத்தைக் கண்டுபிடிப்பார். அதுக்கு மேலை எண்ணி ரெண்டரைச் சுத்து. அப்ப கம்பி போய்க் குப்பியை அமத்தும். அமத்தின உடனை இறுகிப் போகும், விரலாலை அசைக்க ஏலாது. பேந்து குப்பியிலை இருக்கிற ஒயில் மெல்ல மெல்லக் கசிஞ்சு இறங்கும். இறங்கினால் கம்பி விரலுக்குச் சுத்தும்."

"இறங்க எவ்வளவு நேரம் செல்லும்?"

"ஒரு பானை சோறு அவியிற நேரம் எண்டுவார். இருபது நிமிசம். மிஞ்சினால் அரை மணித்தியாலம். நான் சோறு வடிச்சுப்போட்டு வந்து சுத்திப் பாக்க வேணும். தன்ரை விரல் காய்ச்ச விரலாம், இறுகினதையும் சுத்திப்போடும், நம்ப ஏலாதாம். என்ரை விரலுக்குச் சுத்தினால்தான், நீளம் மாறாமல் லொக் நட்டை இறுக்குவார். அது முடியாமல் மற்றக் கம்பியிலை கையே வைக்கமாட்டார். எத்தினை பேர் அவசரப்படுத்தினாலும் அப்பிடித்தான்."

"என்ரை மனுசிக்கு என்னைச் சுத்த விரலே தேவையில்லைப் பிள்ளை, ஒரு பார்வை காணும்," என்றார் அடைக்கலநாதன்.

அவள் சிரிக்கப் பார்த்தாள். உதடு வளைந்தது, சிரிப்பு வரவில்லை.

"திங்கட்கிழமை?" என்றாள் தக்சாயினி.

"முதல் கம்பியை நீட்டிப்போட்டு, ஒயில் இறங்கட்டும் எண்டு இதே முக்காலியிலை இருந்தவர். போன் வந்தது. 'ஒயில் இறங்கிறதுக்குள்ளை வந்திடுவன், நீர் சோத்தை வடிச்சுப்போட்டு வாரும்' எண்டவர். நான் வடிச்சுப்போட்டு வந்தன்." அவள் நிறுத்தினாள். தோட்டத்துக்குள் மிசின் இரைந்தது. "நான் அதைத் தொடேல்லை அக்கா. அவர் வந்து சுத்தச் சொல்லுவார் எண்டு அப்பிடியே விட்டுப்போட்டுப் பூட்டினனான்."

"இப்ப சுத்திப் பாரும்."

சிவகௌரி கோப்பையை இடக்கைக்கு மாற்றி, முதல் கம்பியை இரண்டு விரலால் பிடித்தாள். கம்பி சத்தமில்லாமல் வழுவழுவென்று சுழன்றது. அதில் வைத்திருந்த சின்னச் சிவப்புப் பொட்டு ஒன்று போய்ப் போய் வந்தது.

"உது என்ன பொட்டு?"

"கியூட்டெக்ஸ். நான் நகத்துக்குப் பூசுற போத்திலை எடுத்துக்கொண்டு வந்து வைக்கிறவர். சுத்தை எண்ணுறதுக்கு."

"மற்றக் கம்பி?"

"அது தொடாதது. லொடலொட எண்டு கிடக்கும். நேற்றுக் காலமை பொலிஸ்காரர் வந்து தட்டிப் பார்த்துப்போட்டு, 'உது கழண்டு கிடக்கு' எண்டு பகிடி விட்டவை." சொல்லிக்கொண்டே அவள் இரண்டாவது கம்பியில் விரலை வைத்தாள்.

கம்பி அசையவில்லை.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். இரண்டு கையாலும் பிடித்தாள். அடைக்கலநாதன் அவளுடைய நகங்கள் வெளுப்பதைப் பார்த்தார்.

"அக்கா," என்றாள் சிவகௌரி, காற்றுப் போன குரலில். "இது இறுகியிருக்கு."

 அடைக்கலநாதனுக்குப் பகிடி ஒன்று நாக்கு வரைக்கும் வந்தது. அதை அப்படியே விழுங்கினார். ஆளில்லாத வீட்டில் அடுப்பு எரிவதைக் கண்டால் வருகிற பயம் அது.

தக்சாயினி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "மூண்டு அம்பத்தாறு. ஒருத்தரும் அதைத் தொடாதையுங்கோ. அண்ணை, நீங்கள் போய் ஓட்டோவைக் கேற்றுக்குக் குறுக்காலை விடுங்கோ."

"குறுக்காலையோ? பேந்து ஆரும் போக வர ஏலாதே."

"ஓம்."

அவளுடைய 'ஓம்'க்குப் பிறகு கேள்வி கிடையாது. அடைக்கலநாதன் போய், ஓட்டோவை மதிலோடு மதிலாக நெருக்கி விட்டுவிட்டு வந்தார். வரும்போது மழைத்துளி ஒன்று பிடரியில் விழுந்தது. அவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். வாழையிலைகள் மட்டும் ஆடின.

உள்ளே தக்சாயினி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பின்கதவுக்கு எத்தினை திறப்பு?"

"ரெண்டு. ஒண்டு இது." சிவகௌரி இடுப்பில் ஊசியால் குத்தியிருந்த சாவியைக் காட்டினாள். "மற்றது அவரின்ரை அரைநாண் கயித்திலை. குளிக்கேக்கையும் கழட்டமாட்டார்."

"செந்தூரன், உங்களிட்டை?"

"எனக்கு என்னத்துக்கு அக்கா? என்ரை சாமான் எல்லாம் வெளிப்பத்தியிலை. எஞ்சின் பக்கம் நான் வாறதே இல்லை. எனக்கு உதிலை ஒண்டும் விளங்காது."

"மூண்டு மணிக்குக் கிணற்றடியிலை இருந்து வெளிக்கிட்டனீங்கள், என்ன?"

"ஓம், சனத்துக்குத் தேத்தண்ணி வைக்க. பத்தியிலைதான் அடுப்பு."

"தம்பி கஜீபன், நீர் எத்தினை மணிக்கு வந்தனீர்?"

"மூண்டரை இருக்கும். முன்கதவிலை தட்டினனான். ஒருத்தரும் வரேல்லை. திரும்பத் தட்டினனான். கொஞ்ச நேரத்தாலை செந்தூரன் அண்ணை தேத்தண்ணிப் போத்திலோடை பின்பக்கத்தாலை வந்தவர்."

"அதுக்குள்ளை ஆரும் போனதைக் கண்டனீரோ?"

"இல்லை."

தக்சாயினி அதற்குப் பிறகு கேட்கவில்லை. முக்காலியில் இருந்தபடி கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு. நாலு ஐந்து. அடைக்கலநாதனுக்கு இந்த மாதிரிக் காத்திருப்புப் பிடிக்காது. பஸ்ஸில் என்றால் சனத்தை உள்ளே தள்ளி நேரத்தைப் போக்கலாம்.

"தங்கச்சி, ஒரு கம்பியைப் பாத்துக்கொண்டு அஞ்சு பேர் நிக்கிறம். ஆரும் புதுசா வந்தால் தேங்காய் உடைக்கப்போகினம்."

"அந்தக் கம்பி இப்ப மணிக்கூடு அண்ணை. பேசாமல் நில்லுங்கோ."

நாலு பன்னிரண்டு. "இப்ப சுத்தும், சிவகௌரி."

சிவகௌரி கம்பிக்குக் கிட்டக் குனிந்தாள். விரலை வைத்தாள். கம்பி முதலில் முரண்டு பிடித்தது. பிறகு ஒரு மயிரளவு நகர்ந்தது. பிறகு, தூக்கத்திலிருந்து எழும்புவது போல, மெதுவாகச் சுழன்றது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்களிலிருந்து தண்ணீர் ஓடியது.

"நாங்கள் உள்ளை வரேக்கை ஒயில் இறங்கிக்கொண்டுதான் இருந்திருக்கு," என்றாள் தக்சாயினி. "இப்ப நாலு பன்னிரண்டு. மிஞ்சினால் அரை மணித்தியாலம். அப்ப இதை ஆரோ நீட்டினது மூண்டு நாற்பதுக்குப் பிந்தி. நாங்கள் கிணற்றடியிலை இருந்து திரும்பி நடந்துகொண்டிருந்த நேரம்."

"இவர் வந்தவர்!" சிவகௌரி எழும்பிவிட்டாள். "அக்கா, இவர் வந்தவர்! திறப்பு அவரிட்டைதானே இருக்கு! வந்து விட்ட இடத்திலை இருந்து வேலையைத் தொடங்கியிருக்கிறார். என்ரை மனுசன் உயிரோடை இருக்கிறார்!"

"யேசுவே," என்று அடைக்கலநாதன் நெற்றியிலும் நெஞ்சிலும் குருசு போட்டார். அவருக்கும் கண் கலங்கியது. "கிணத்தை இறைக்கிறவங்களை நிப்பாட்டச் சொல்லட்டோ? தண்ணியாவது மிஞ்சும்."

செந்தூரன்தான் எல்லாரையும் முந்திக்கொண்டான். "நான் சொன்னனான் எல்லோ தங்கச்சி! அந்த நம்பர் தேய்ச்ச கதைக்குப் பயந்து ஆள் எங்கையோ ஒளிச்சிருக்கு. ராவைக்குத் திரும்ப வருவான். நாங்கள் எல்லாரும் இஞ்சை இருந்து போயிடுவம். சனத்தைக் கண்டால் வரமாட்டான்."

"ஓம், ஓம் அண்ணை—"

"இரும், சிவகௌரி," என்றாள் தக்சாயினி.

அவள் சிரிக்கவில்லை. அடைக்கலநாதன் அதை அப்போதுதான் கவனித்தார்.  நாலு வருடத்தில் அந்த முகத்தை இப்படி இரண்டு தரம்தான் பார்த்திருக்கிறார். இரண்டு தரமும் முடிந்தது செத்த வீட்டில்.

"முதல் கம்பியின்ரை லொக் நட்டைத் தொட்டுப் பாரும்."

சிவகௌரி தொட்டாள். நட் விரலோடு சேர்ந்து சுற்றியது. "இறுக்கேல்லை."

"திங்கட்கிழமை விட்ட மாதிரியே கிடக்கு. ஒண்டு முடியாமல் மற்றதிலை கை வைக்காத மனுசன் எண்டு சொன்னனீர். அவர் வந்திருந்தால் முதல் வேலை என்ன?"

சிவகௌரி நட்டிலிருந்து விரலை எடுத்தாள்.  "என்னைக் கூப்பிட்டிருப்பார்," என்றாள். "சுத்திப் பாக்க."

"உம்மைக் கூப்பிட ஏலாட்டிலும் அந்த நட்டை இறுக்காமல் மற்றதுக்குப் போகமாட்டார். இஞ்சை வந்த ஆள் முதல் கம்பியைத் தொட்டுப் பார்த்திருக்கு. லேசாச் சுத்தினது. சரி, இது முடிஞ்சுது எண்டு நினைச்சிருக்கு. அது ஒயில் இறங்கினதாலை சுத்துது, இனித்தான் இறுக்க வேணும் எண்டது அந்த ஆளுக்குத் தெரியாது." தக்சாயினி கையை நீட்டினாள். "அண்ணை, உங்கடை கண்ணாடி."

அடைக்கலநாதன் பேப்பர் வாசிக்கும் கண்ணாடியைக் கொடுத்தார். அவள் அதைப் பூதக்கண்ணாடி போல் இரண்டாவது கம்பிக்குக் கிட்டப் பிடித்தாள்.

"இதிலை கியூட்டெக்ஸ் இல்லை. ஆனால் சுத்தை எண்ண ஒரு அடையாளம் வேணுமே." நகத்தால் சுரண்டி எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். அரிசிமணி அளவில் ஒரு மஞ்சள் கடதாசித் துண்டு, ஒரு பக்கம் பசை. "ரேப். பெயின்ற் படக்கூடாத இடத்திலை ஒட்டுற ரேப். உரிக்கேக்கை ஒரு துண்டு மிஞ்சிப்போச்சு. முதல் கம்பி முழுக்க ஒயில், இந்தக் கம்பி மட்டும் கண்ணாடி மாதிரிக் கிடக்கு. ஒயில் பட்ட இரும்பிலை ரேப் ஒட்டாது. முதல் துடைக்க வேணும். என்னத்தாலை துடைக்கிறது அண்ணை?"

"தின்னர்!" என்றார் அடைக்கலநாதன். வகுப்பில் விடை சொன்ன பெடியனைப் போலச் சந்தோஷமாகச் சொன்னார். சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியது. கால் தானாக ஒரு அடி பின்னால் போய்ப் பின்கதவை மறித்தது.

ஆறிப்போன தேத்தண்ணி. அடுப்படியில் நின்ற மனிதன் ஏன் ஆறிய தேத்தண்ணி கொண்டுவந்தான்? அதை அவன் முன்னமே வைத்து, போத்தலில் ஊற்றிவிட்டு, கிடைத்த நேரத்தில் உள்ளே இருந்திருக்கிறான். கதவு தட்டுகிற சத்தம் கேட்டும் கம்பியை விடாமல் சுற்றி முடித்திருக்கிறான்.

"எனக்கு எஞ்சினைப் பற்றி ஒண்டும் தெரியாதெண்டு சொன்னனான் எல்லோ," என்றான் செந்தூரன். குரல் இன்னும் மெதுவாகத்தான் இருந்தது.

"தெரியும் செந்தூரன். ஆறு வருசம் பத்தியிலை இருந்து பார்த்திருக்கிறியள். ரெண்டரைச் சுத்து எண்டு நாளும் பொழுதும் கேட்டிருக்கிறியள். அந்த மனுசன் அதுக்குப் பிறகு ஏன் சும்மா குந்திக்கொண்டு இருக்கிறான் எண்டதை மட்டும் நீங்கள் கேக்கேல்லை. களைப்பாறுறான் எண்டு நினைச்சிருப்பியள்." அவள் கஜீபன் பக்கம் திரும்பினாள். "தம்பி, இண்டைக்கு வந்து எடுக்கச் சொல்லி உமக்கு ஆர் சொன்னது?"

கஜீபனின் முகத்தில் கோபம் எப்போதோ போய்விட்டது. இப்போது அவன் வெறும் பயந்த பெடியன். "செந்தூரன் அண்ணைதான். காலமை போன் எடுத்தவர். பின்னேரம் ஓடுற மாதிரி இருக்கும், வந்து கொண்டுபோம், கொழும்புப் பக்கம் போனால் திரும்ப இஞ்சாலை கொண்டரவேண்டாம் எண்டவர்."

"இந்த எஞ்சினை எடுத்துத் தந்தது?"

கஜீபன் செந்தூரனைப் பார்த்தான். "அதுவும் அண்ணைதான்."

"நான் உதவி செய்ய நினைச்சனான்," என்றான் செந்தூரன். "தம்பி அவசரப்படுறான், தங்கச்சிக்குக் கரைச்சல், பாதியிலை கிடக்கிறதை முடிச்சுக் குடுப்பம் எண்டு—"

"எந்தத் திறப்பாலை உள்ளை வந்தனீங்கள்?"

செந்தூரனின் வலக்கை காற்சட்டைப் பையை நோக்கிப் பாதி தூரம் போய், அங்கேயே நின்றது. அந்தக் கை அப்படி நின்றதை அடைக்கலநாதன் பார்த்தார். கஜீபன் பார்த்தான். சிவகௌரியும் பார்த்தாள்.

அரைநாண் கயிற்றில் கட்டியிருந்த திறப்பு. குளிக்கும்போதும் கழற்றாதது.

தகரக் கூரையில் மழை சடசடவென்று இறங்கியது. அந்தச் சத்தத்துக்குள் வேறு ஏதோ குறைந்தது போல அடைக்கலநாதனுக்குத் தோன்றியது. என்ன குறைந்தது என்று விளங்கச் சில நொடி எடுத்தது. காலையிலிருந்து காதுக்குள் குடியிருந்த இரைச்சல். வாழைத்தோட்டத்துக்குள் மிசின் நின்றுவிட்டது.

தண்ணீர் முடிந்து கிணற்றின் அடி தெரிந்தால்தான் அந்த மிசினை நிற்பாட்டுவார்கள்.

ஒருவரும் தோட்டப் பக்கம் திரும்பவில்லை. சிவகௌரி கீழே வைத்த கோப்பையை எடுத்தாள். அவன் ஊற்றிக் கொடுத்தது. ஒரு வாய்கூடக் குடிக்காதது. அதைக் கொண்டுபோய் அவனுக்கு முன்னால் நீட்டினாள். அவன் வாங்கவில்லை. அவளும் கையை இறக்கவில்லை. கத்துவாள் என்று அடைக்கலநாதன் எதிர்பார்த்தார். அவள் சாதாரணமாக, பக்கத்து வீட்டில் நேரம் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"செந்தூரன் அண்ணை, அவர் வந்து முடிப்பார் எண்டு மூண்டு நாளாய் நாங்கள் எல்லாரும் பாத்துக்கொண்டிருக்க, அவர் இனி வரமாட்டார் எண்டு உங்களுக்கு மட்டும் எப்பிடித் தெரியும்?"